சுழிக்குக் கீழே

"மேடம், மைனஸ் வருது" என்றாள் நிவேதா.

சில நாளைக்கு முன் ஒரு காலையில் வந்த போன். அடுப்பில் இட்லிச் சட்டி ஏறியிருந்தது. நிவேதா எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பிள்ளை. நேரில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். திருச்சுழியில் குண்டாற்றுப் பாலத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். மேலே சூரியத் தகடு, கீழே ஒரு கண். மணிக்கு நான்கு தரம் அது ஆற்றைக் குனிந்து பார்த்து, மட்டம் இவ்வளவு என்று செய்தி அனுப்பிவிடும். ஆள் போக வேண்டியதில்லை.

"தண்ணி இல்லாத அன்னைக்கு சைபர்தான மேடம் வரணும்? இது மைனஸ்னு காட்டுது. கோளாறா இருக்கும்னு பெட்டி மாட்டுனவங்க சொல்றாங்க. மைனஸ் வந்தா அதுவா சைபரா மாறிக்கிற மாதிரி செஞ்சிரலாமாம். பழசையும் சேத்து மாத்திரலாமாம். திங்கக்கிழமைக்குள்ள நான் பதில் சொல்லணும். நீங்க அந்தப் பாலத்துலயே காலம் தள்ளுனவங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. மாத்திரட்டுமா?"

"ஆத்தா, தொட்றாத!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோயிருக்கும். பிறகு குரலைத் தணித்து, ஏன் தொடக் கூடாது என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எங்கெங்கோ போயிற்று. இதற்குள் இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது. "எழுதித் தாறேன்" என்று போனை வைத்தேன். அப்படி எழுதியதுதான் இது.

நான் அருப்புக்கோட்டைக்காரி. பெயர் சாரதா. அப்பா தறி நெய்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நீர்மட்டப் பார்வையாளர் என்று எனக்கு வேலை வந்தபோது அது என்ன வேலை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மதுரையில் சில வாரம் பயிற்சி. நாடாவைப் பிடி, கிணற்றுக்குள் விடு, மழைமானியைக் கவிழ்த்து அள, படிவத்தை நிரப்பு. அங்கே கற்றதில் எனக்கு நினைவிருப்பது அந்த விடுதிச் சாம்பாரின் உப்பு மட்டும்தான். வேலையைக் கற்றுக்கொண்டது திருச்சுழிப் பாலத்தில்.

தினமும் காலை அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழியில் இறங்கி, பாலத்துக்கு நடப்பேன். பாலத்தின் இரண்டாம் தூணில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு அளவுகோல் வரைந்திருக்கும். ஆற்றுப் படுகை எந்த உயரத்தில் இருந்ததோ அங்கே அதன் அடி. அந்த அடிதான் சுழி, அதாவது சைபர். தண்ணீர் ஏறினால் ஏறிய அளவை எழுத வேண்டும். ஏறாவிட்டால் சுழி. குண்டாற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டொரு நாள் தண்ணீர் கோலைத் தொடும். மிச்ச நாளெல்லாம் சுழி, சுழி, சுழி.

அப்பா தறிக்குழியில் இருந்தபடியே சிரிப்பார். "நித்தம் பஸ் ஏறிப் போயி ஒரு சுன்னா போட்டுட்டு வர்றதுக்கு உத்தியோகமா? அதை இங்க உக்காந்து போட்டா ஆகாதா?" சுன்னா என்றால் தெலுங்கில் சைபர். அலுவலகத்தில் எனக்கு உதவியாக இருந்தவர் வீரசோழன்காரர், காதர் பாய். அவர் ஒரு படி மேலே போய் எனக்குச் சுழியம்மா என்று பெயரே வைத்துவிட்டார். "ஊரு பேரும் சுழி, எழுதுறதும் சுழி. இந்தம்மா தலையில எத்தனை சுழின்னு பாத்துத்தான் வேலை குடுத்திருக்காங்க" என்பார்.

ஊர்ப் பெயர் இப்படித்தான் வந்தது. ஒரு காலத்தில் பெருவெள்ளம் வந்து, இந்த இடத்தில் சுழித்து, பூமிக்குள் போய்விட்டது என்று கோயில் கதை. நான் பாலத்தில் நின்று அந்தக் கதையை நினைத்துக்கொண்டே இருப்பேன். பங்குனி வெயிலில், பத்து மணிக்கே மணல் மேல் கானல் ஓடத் தொடங்கும். தூரத்தில் வருகிற ஆடுகள் முழங்கால் தண்ணீரில் மிதந்து வருவதுபோல வரும். பக்கத்தில் வர வர அவற்றின் கால்கள் முளைக்கும், தண்ணீர் பின்வாங்கிப் போகும். போன வெள்ளம் எங்கும் போகவில்லை, இந்த மணலுக்கு அடியில்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பெண்கள் ஆற்றுக்குள் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அதைப் பார்த்த பிறகு என் எண்ணம் அவ்வளவு பைத்தியமாகத் தெரியவில்லை.

ஞானதுரை சார் எங்கள் பிரிவு அலுவலர். மெலிந்த ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில், அதில் ரப்பர் இருக்கும் முனையை வெட்டி எறிந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர் என்பார்கள். எங்களிடம் அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆற்றுக்குள் இறங்கும் முன் செருப்பைக் கழற்றி கரையில் வைத்துவிடுவார். தண்ணீர் இல்லாத ஆறு, சுடுகிற மணல், ஆனாலும் கழற்றுவார். முதலில் பக்தி என்று நினைத்தேன். கேட்டதற்கு, "கண்ணுக்கு மேல்மணல்தான் தெரியும். அடியில ஈரம் எங்க இருக்குன்னு கால்தான் சொல்லும்" என்றார். அவர் பின்னால் நானும் வெறுங்காலோடு நடந்து பழகினேன். ஒரு இடத்தில் மணல் சுடும், நான்கு எட்டு தள்ளி லேசாகக் குளிரும். அங்கே தோண்டினால் ஊற்று.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல். போகவில்லை. மறுநாள் போய், போகாத நாளுக்கும் ஒரு சுழியைப் போட்டுவிட்டேன். சித்திரை மாதம், தண்ணீரா வந்துவிடப்போகிறது? ஞானதுரை சார் பதிவேட்டைப் பார்த்தார்.

"நேத்து பாலத்துக்குக் கீழ கிடை போட்டிருந்தாங்களே, செம்மறியா வெள்ளாடா?" என்றார்.

காய்ச்சல், போகவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"சாரதா, போகலேன்னா கோடு போடு. கோடுன்னா போகலேன்னு அர்த்தம். சுழின்னா போனேன், பாத்தேன், தண்ணி இல்லேன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

நான் அழிக்க ரப்பர் தேடினேன். "அழிக்கக் கூடாது. அடி" என்றார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. வெட்கத்தில் காது சிவக்க, என் முதல் சுழியை அடித்துக் கோடாக்கினேன். அன்று தொடங்கி, காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பது மூன்றே சொல். "போனியா? பாத்தியா? எழுது."

பாலம் மட்டும் இல்லை எங்கள் வேலை. மாதம் ஒருமுறை ஆற்றோரக் கிணறுகளை அளப்போம். நாடாவின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து உள்ளே விட்டால், தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் வெள்ளை கரைந்துவிடும். கரையில் என்ன நிற்கிறது என்று எழுதுவோம். நாணல் எதுவரை, நொச்சி எதுவரை, சீமைக்கருவேலம் எங்கிருந்து. கரையோர ஓட்டைகளில் மீன்கொத்தி இருக்கிறதா, போய்விட்டதா. மனிதர் கை பட்டால் ஆறு எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்து வைப்பதுதான் அந்தப் பதிவேடுகளின் நோக்கம் என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை கருவி வைத்து ஆற்றின் குறுக்கே மட்டம் எடுப்போம். இக்கரையிலிருந்து அக்கரை வரை படுகை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அதில் தெரிந்துவிடும். அந்தக் கருவி ஒருநாள் பழுதுபார்க்க மதுரைக்குப் போனது. போனது போனதுதான். அடுத்த நான்கு வருடம் குறுக்கு மட்டமே எடுக்கவில்லை.

அந்த நான்கு வருடத்தில்தான் மணல் போனது. பாலத்துக்கு மேலும் கீழும் லாரிகள். யார் அனுப்பியது, யார் கண்ணை மூடியது என்று இப்போது பேசி என்ன ஆகப்போகிறது. ஊரெல்லாம் வீடு கட்டினார்கள். நாங்களும் கட்டினோம். அருப்புக்கோட்டையில் என் வீட்டுச் சுவருக்கு ஏழு லோடு ஆற்றுமணல் வந்து இறங்கியது. நல்ல மணல், களிமண்ணே இல்லை என்று கொத்தனார் அள்ளிக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மணல் போகப் போகப் படுகை தாழ்ந்தது. தூணில் வரைந்த கோல் மட்டும் வரைந்த இடத்திலேயே நின்றது. இப்போது எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! அப்போது அது ஒரே நாளில் நடக்கவில்லையே. முதல் வருடம் மழைக்காலத்தில், கோலின் அடிக்கும் கீழே மெல்லிசாக நீர் ஓடுவதைப் பார்த்தேன். எழுதத் திணறினேன். படிவத்தில் சுழிக்குக் கீழே கட்டம் கிடையாது. சுழியைப் போட்டுவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் "கீழே சிறு ஓட்டம்" என்று எழுதினேன். மாதக் கணக்கு மேலே போகும்போது எண்கள் மட்டும்தான் போகும், குறிப்பு போகாது. இரண்டாம் வருடம் குறிப்பு எழுதுவதையும் விட்டுவிட்டேன். சரிவு செங்குத்தாகிவிட்டது, கருவேல முள் வேறு மண்டிவிட்டது. இறங்க முடியாமல் பாலத்தின் மேல் நின்றே பார்த்தேன். கோலில் தண்ணீர் தொடவில்லை. சுழி. மாதக் கடைசியில் ஞானதுரை சார் கையெழுத்துப் போடுவார். பொய் எழுதவில்லை என்றுதான் நினைத்தேன். போனேன், பார்த்தேன், எழுதினேன்.

அப்புறம் ஒரு ஐப்பசியில் முத்துராக்கு வந்தார்.

வேலாங்குளத்துச் சம்சாரி அவர், சொந்தமாக விவசாயம் பார்க்கிற பெண். பாலத்துக்குக் கீழே ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்தான் அந்த ஊர்க் கண்மாய்க்கு ஒரே வரத்து. நான்கு வருடமாக ஆற்றில் ஓட்டமே இல்லை, ஆகவே அந்த வாய்க்காலைப் பட்டியலிலிருந்து நீக்கி, ஆற்றுநீர் நுழையும் தலைப்பை மூடி, மேலே பாதை போடலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் ஊருக்குப் போயிருந்தது. அதற்கு ஆதாரம் எங்கள் பதிவேடு. மறுப்புச் சொல்ல ஒரு மாதம் தவணை. அந்தக் கடிதத்தை நான்காய் மடித்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். முந்தின இரண்டு நாள் நல்ல மழை. காலெல்லாம் சேறு.

"ஆத்துல தண்ணியே வரலேன்னு எழுதிக் குடுத்த புண்ணியவதி இங்க யாரு?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பார்? நான் எழுந்து, பதிவேட்டை விரித்துக் காட்டினேன். "பாருங்கக்கா, நித்தம் போயிருக்கேன். இன்னைக்குக் காலையிலகூடப் போனேன்."

"போனீக. எறங்குனீகளா?"

நான் பதிவேட்டை மெல்ல மூடினேன்.

"எங்க கம்மாய்க்குத் தண்ணி வரலங்கிறது நெசம். ஆத்துல தண்ணி வரலங்கிறது பொய். மள பேஞ்சா ஆறு போகுது தாயி. எங்க வாய்க்காலுக்கு அடியில பூந்து போகுது. எட்டல. எங்களுக்கு எட்டலேன்னா ஆறே இல்லேன்னு எழுதிருவீகளா? வாய்க்காலை மூடிட்டீகன்னா பெறகு நாங்க அம்புட்டுப் பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் பொய் சொன்னா என்னைய வையுங்க. வந்து எறங்கிப் பாருங்க."

ஞானதுரை சார் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "வா சாரதா" என்றார்.

பாலத்துக்குப் போனோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முள்ளை ஒதுக்கி, சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பின்னால் முத்துராக்கு, அவருக்குப் பின்னால் நான். இரண்டாம் தூண் அருகே செம்மண் கரைந்த நீர் ஞானதுரை சாரின் முழங்காலுக்குக் கீழே சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் தூணை ஒட்டிப் போய் நின்று அளவுகோலைத் தேடினார். அது கண்ணுக்கு நேரே இல்லை, காலடியிலும் இல்லை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் அடி அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். தண்ணீர் அவர் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. எனக்கு எல்லாம் கனவுபோல இருந்தது. ஓடுகிற ஆற்றுக்குள் நின்றுகொண்டு, இல்லாத ஆற்றின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாரதா, தண்ணி என் கெண்டைக்கால்ல ஓடுது. இன்னைக்கு என்ன எழுதியிருக்க?"

"சுழி சார்."

"கையெழுத்து போட்டது யாரு?"

"மாசக் கடைசியில நீங்க சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவணை முடிவதற்குள் குறுக்கு மட்டம் எடுத்தாக வேண்டும், கருவியோ இல்லை. காதர் பாய் ஒரு வழி சொன்னார். கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கிற, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, அதில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து அங்குலம் அங்குலமாக ஆற்றைக் கடந்துவிடலாம். என் வீட்டைக் கட்டிய கொத்தனாரிடமே போய்க் குழாயை வாங்கி வந்தேன். கரைக்குக் கரை கட்டக் கயிறு போதவில்லை. அப்பா தறியின் பாவு நூலை நான்கு இழையாக முறுக்கி ஒரு பெரிய உருண்டை தந்தார். "சுன்னாவுக்கு இம்புட்டு நூலா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தண்ணீர் வடிந்த மறுநாள் விடிந்ததும் தொடங்கினோம். கோயில் பக்கத்துப் படித்துறைக் கல்லில் பழைய காலத்து மட்டக்குறி ஒன்று செதுக்கியிருக்கும். ஞானதுரை சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கே எடுத்த அளவெல்லாம் அந்தக் குறியிலிருந்துதான். அந்த நோட்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. குறியில் குழாயின் ஒரு முனை, ஐந்து எட்டு தள்ளி மறுமுனை. நீர் ஆட்டம் அடங்கும் வரை மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். அடங்கியதும் "ஆச்சு" என்பார் காதர் பாய். நீர் நின்ற உயரத்திலிருந்து மணல் எவ்வளவு கீழே என்று நான் அளந்து சொல்வேன். சார் நோட்டில் எழுதி, "அடுத்து" என்பார். குழாய் நகரும். முத்துராக்கு தன் ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு வந்து பாவு நூலைத் தொய்யாமல் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளை நூல் காற்றில் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆச்சு, அடுத்து, ஆச்சு, அடுத்து. பொழுது சாயும் வரை வேறு பேச்சே இல்லை. என் வேலைக்காலத்தில் அதைப்போல ஒரு நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. தப்பைத் தேடிப் போன நாள்தான், ஆனாலும் மனம் அப்படி லேசாக இருந்தது.

பழைய நோட்டில் வளைந்த தட்டுப்போல இருந்த படுகை, புது நோட்டில் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. வேலாங்குளம் வாய்க்காலின் வாசல்கல் படுகையிலிருந்து இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முத்துராக்கு அலுவலகத்தில் சொன்னது ஒரு சொல் பிசகவில்லை.

மறுநாள் பதிவேடுகளை மேசையில் அடுக்கினோம். எந்தெந்த நாளில் எவ்வளவு ஓடியது என்று யாருக்குத் தெரியும்? மழைக்கணக்கைப் பார்த்து ஊகமாக எழுதலாமா என்றேன்.

"பாக்காததை எப்படி எழுதுவ? கோடு போடு."

"கோடுன்னா போகலேன்னு அர்த்தம் சார். நான் போனேன் சார். ஒரு நாள் விடாமப் போனேன்."

"போன. எறங்கல. சுழி போடணும்னா தண்ணி இல்லேன்னு பாத்திருக்கணும். நீ பாத்தது கோலு. ஆறு இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக மட்டும் இல்லை. அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு மாதமே இருந்தது. ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத பதிவேடு அவருடையது. நான்கு வருட மழைக்காலச் சுழிகளை அடித்தால் அத்தனை மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்று ஆகிவிடும். "நீங்க ரிட்டயர் ஆன பெறகு நான் அடிச்சு எழுதி அனுப்புறேன் சார். என்ன வந்தாலும் என்னோட போகட்டும்" என்றேன்.

"அதுக்குள்ள வாய்க்காலை மூடிருவாங்க சாரதா" என்றார். அப்புறம், "நான் எப்படியும் வீட்டுக்குத்தான் போகப்போறேன். கண்மாய் எங்க போகும்?" என்று சிரித்தார். பென்சிலை வைத்துவிட்டு, அன்று முதல்முறையாகப் பேனாவை எடுத்தார்.

நான் ஒவ்வொரு சுழியாக அடித்தேன். ஒரு கோடு, பக்கத்தில் "பார்வையாளர் படுகையில் இறங்கிப் பார்க்கவில்லை", என் கையெழுத்து. அவர் ஒவ்வொன்றின் கீழும் "சரிபார்க்காமல் ஒப்பமிட்டேன்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். ரப்பர் முத்திரை செய்து தரவா என்று காதர் பாய் கேட்டதற்கு முறைத்தார். இரண்டு பகல் ஆனது. கடைசிப் பக்கத்தில் என் கை மரத்துவிட்டது. அவர் கையெழுத்து மட்டும் முதல் பக்கத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

இருவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது. அவருக்குப் பிரிவு விழா நடத்தவில்லை. கடைசி நாள் சாயந்தரம் காதர் பாய் வாங்கி வந்த காராச்சேவைப் பகிர்ந்து தின்றோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேம்மா" என்று பஸ்ஸுக்கு நடந்தார். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் திருநெல்வேலிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். திரும்ப வரவில்லை.

வாய்க்காலை மூடவில்லை. சுழி எல்லாம் கோடாகிவிட்டதால் ஆற்றில் ஓட்டம் இல்லை என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லாமல் போனது. குழாயை வைத்து எடுத்த குறுக்கு மட்டத்தையும் பழையதையும் ஒரே தாளில் வரைந்து அனுப்பினோம். வேலாங்குளத்தார் லாரிப் பாதையில் கட்டிலைப் போட்டு மறித்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் வருடம் வாய்க்கால் தலைப்புக்குக் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்புச்சுவர் கட்டினார்கள். அந்த வருடம் கண்மாய்க்கு முக்கால்வாசித் தண்ணீர். முத்துராக்கு ஒரு பை நிறையச் சோளக்கதிர் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதையும் எழுதிக்கிருங்க" என்றார். எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில்.

படிவத்தில் புதிதாக ஒரு கட்டமும் வந்தது. பெயர் "சுழிக்குக் கீழ்". அதற்கு அந்தப் பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். தடுப்பு வந்த பிறகு ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் மணலைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஒரேயடியாக இல்லை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலன்று காலை, ஞானதுரை சார் போன் செய்வார். பண்டிகை வாழ்த்தெல்லாம் கிடையாது.

"எதுவரைக்கும்?"

அவர் நெஞ்சு வரை இருந்த சுழி எதுவரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். படுகை ஏற ஏற, தூணருகே நிற்கிற ஆளின் உடம்பில் அந்தச் சுழி இறங்கும் அல்லவா?

"வயிறு வரைக்கும் சார்" என்று ஒரு வருடம் சொன்னேன். பிறகு இடுப்பு. அங்கேயே மூன்று பொங்கல் நின்றது. பிறகு தொடை. நான் ஓய்வு பெற்ற வருடம், "முழங்கால் சார்" என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார். அடுத்த பொங்கலுக்கு அந்த எண்ணிலிருந்து போன் வரவில்லை. அவர் மகள் மாசியில் கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு எதுவரைக்கும் என்று கேட்க ஆள் இல்லை. நானும் பாலத்துக்குப் போகவில்லை. கனவில் மட்டும் போவேன். கனவில் எப்போதும் தண்ணீர் ஓடும், நான் பதிவேட்டை எடுத்துவர மறந்திருப்பேன்.

இப்போது புரிகிறதா நிவேதா, நான் ஏன் கத்தினேன் என்று? உங்கள் பெட்டி தூணில் வரைந்த பழைய சுழியிலிருந்து அளக்கிறது. தண்ணீர் இல்லாத நாளில் அது பார்ப்பது மணலை. அந்த மைனஸ் கோளாறு இல்லை. நாம் ஆற்றிலிருந்து அள்ளியதில் இன்னும் திரும்பி வராத மிச்சம் அது. என் வீட்டுச் சுவரும் அதில் உண்டு. அந்த மைனஸ் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டு வரும். அதைச் சைபராக்கினால் ஆறு தன் காலில் எழுந்து வருகிற ஒரே தடயமும் போய்விடும். நாளைக்கு யாராவது மறுபடி அள்ளினாலும் தெரியாது. நான் நான்கு வருடம் செய்த அதே தப்பை உங்கள் பெட்டி மணிக்கு நான்கு தரம் செய்யும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடப் போனபோது கை நின்றுவிட்டது. எத்தனை வருடத்துக்கு முந்திய கதை! பாலத்துக்குப் போகாமலேயே, வீட்டில் உட்கார்ந்து சிறுத்துக்கொண்டு வரும் என்று எழுதியிருக்கிறேன். என் சுழி சும்மா இருக்க விடுமா? சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

சரிவில் இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, சார் அன்று இறங்கிய மாதிரியே இறங்கினேன். செருப்பு மேலே. வெயில் இன்னும் ஏறவில்லை. மணல், நல்ல மணல், பாதம் புதைகிற மணல். கரையோரம் நாணல் திரும்பி வந்து வெள்ளையாய்ப் பூத்து அசைந்துகொண்டிருந்தது. இரண்டாம் தூண் பக்கம் போகப் போக உள்ளங்கால் குளிர்ந்தது. அளவுகோலில் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. அதன் அடியைத் தேடிக் குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.

அப்போது போன் அடித்தது. நிவேதா.

"மேடம், உங்களைத் தொந்தரவு பண்றேன். இப்ப ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி மைனஸ் போயி பிளஸ் காட்டுச்சு, கீழ யாரோ குறுக்க வந்த மாதிரி. அதுக்கு முந்தி மைனஸ் பாயின்ட் ஒண்ணு மீட்டர். இதை நம்பலாமா? எவ்வளவுன்னு நான் எழுத?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பெட்டியின் ஒற்றைக் கண் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுழி என் காலை ஒட்டி நின்றது.

"கணுக்கால் வரைக்கும் சார்" என்றேன்.